பேக்கர்ஸ்ஃபீல்டு வரை தண்டவாளம், அதற்கப்புறம் பஸ்

கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியிருக்கும் பே ஏரியாவில், வார இறுதி விருந்துகளில் அதிவேக ரயில் பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் அதைச் சீக்கிரமே முடித்துவைத்துவிடுவார். "இது கார் நாடுங்க. இங்கே ரயிலெல்லாம் எடுபடாது." எல்லோரும் தலையாட்டுவார்கள். பேச்சு வீட்டுக்கடன் வட்டிக்கோ பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கோ போய்விடும். தீர்ப்புச் சொல்வதுபோல அதைச் சொல்வதால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. நான் கேட்க விரும்புகிறேன்.

டொயோட்டா, ஹோண்டா, நிசான் எல்லாம் பிறந்த நாடு ஜப்பான். உலகம் முழுக்கக் கார் விற்கிற அந்த நாடுதான் 1964 அக்டோபர் 1ஆம் தேதி டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே உலகின் முதல் அதிவேக ரயிலை ஓடவிட்டது. ஜெர்மனிக்காரர்களுக்குக் கார் மேல் பிரியம் குறைவா? ஆட்டோபான் என்ற நெடுஞ்சாலைகளின் பெரும்பகுதியில் இன்றும் வேக வரம்பு கிடையாது. கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னாலே அங்கே பெரிய சண்டை. அந்த நாட்டில் 1991 முதல் ஐசிஇ என்ற அதிவேக ரயில்கள் ஓடுகின்றன. ஃபெராரி பிறந்த இத்தாலியில் அரசு நிறுவனமும் தனியார் நிறுவனமும் ஒரே தண்டவாளத்தில் போட்டி போட்டுக்கொண்டு அதிவேக ரயில் விடுகின்றன. வீட்டு வாசலில் கார் வைத்திருப்பவர்கள்தான் அந்த ரயில்களிலும் ஏறுகிறார்கள்.

ஆகவே கார் ஆசை ரயிலைக் கொல்லும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் அதிவேக ரயில் நடைமுறைக்கு ஒத்துவரும், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. ஒத்துவருகிற இடங்களிலும் அது ஏன் எழும்பவில்லை என்பதற்கான காரணம் மக்களின் விருப்பத்தில் இல்லை. பணம் வந்த விதத்திலும், நிலம் வாங்கிய விதத்திலும், கட்டத் தெரிந்தவர்கள் அரசிடம் இல்லாமல் போனதிலும் இருக்கிறது. இதை நான் கலிஃபோர்னியாவை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் வாழ்கிறேன், இந்தத் திட்டத்துக்குத்தான் என் வரிப் பணமும் போகிறது.

முதலில் தூரம். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு அதிவேக ரயில் வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் அது. மணிக்கு 300 கிலோமீட்டரில் நிற்காமல் ஓடினாலும் பதின்மூன்று மணி நேரம் ஆகும். விமானம் ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அதேபோல நூறு கிலோமீட்டர் பயணத்துக்கு மூன்று பேர் கொண்ட குடும்பம் காரைத்தான் எடுக்கும், எடுக்கட்டும். நடுவில் ஒரு தூரம் இருக்கிறது: முந்நூறு கிலோமீட்டரிலிருந்து எழுநூறு, எண்ணூறு வரை. காருக்கு அது அதிகம். விமானத்துக்குக் குறைவு, பறக்கிற நேரத்தைவிட வரிசையில் நிற்கிற நேரம் நீண்டுவிடும். டோக்கியோ–ஒசாகா 515 கிலோமீட்டர். மாட்ரிட்–பார்சலோனா 621 கிலோமீட்டர். உலகின் மிகப் பரபரப்பான விமானத் தடங்களில் ஒன்றாக அது இருந்தது. 2008-இல் ரயில் பாதை திறந்து, பயணம் சுமார் இரண்டரை மணி நேரமாகச் சுருங்கியதும், பெரும்பாலானோர் ரயிலுக்கு மாறிவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் சாலை வழியாக ஏறக்குறைய 380 மைல், அதாவது 610 கிலோமீட்டர். கிட்டத்தட்ட மாட்ரிட்–பார்சலோனாதான்.

அந்த 380 மைலை ஓட்டியவர்களுக்குத் தெரியும். கில்ராய் தாண்டி, பச்சேக்கோ கணவாய் ஏறி, சான் லூயிஸ் நீர்த்தேக்கத்தின் ஓரமாக இறங்கி, ஐ-5 ஃப்ரீவேயில் சேர வேண்டும். அதற்கப்புறம் நேர்கோடு. பக்கத்துக்கு இரண்டே தடம். வலது தடத்தில் லாரிகள். ஒரு லாரி இன்னொன்றை முந்த இடது தடத்துக்கு வந்தால் பின்னால் நூறு கார்கள் பிரேக் போடும். பாதாம் தோப்பு, பிஸ்தா தோப்பு, வாய்க்கால், மறுபடியும் பாதாம் தோப்பு. கோலிங்கா பக்கத்தில் மாட்டுப் பட்டி வரும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் வாடை உள்ளே வந்துவிடும். கெட்டில்மேன் சிட்டியில் பெட்ரோல், காபி. கடைசியில் கிரேப்வைன் ஏற்றம். கோடையில் என்ஜின் சூடாகாமலிருக்க ஏசியை அணைக்கச் சொல்லி அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் பனி விழுந்தால் கணவாயையே மூடிவிடுவார்கள். ஏறி இறங்கினால் லாஸ் ஏஞ்சலஸ் நெரிசல் காத்திருக்கும். எல்லாம் சரியாக நடந்தால் ஆறு மணி நேரம். நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை வாரத்தில் எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்குக் கார் ஓட்டப் பிடிக்கும். பிக் சர் கடற்கரை வழியாக ஒன்றாம் எண் சாலையில் போவது காருக்கென்றே அமைந்த இன்பம், அதை எந்த ரயிலும் தர முடியாது. ஆனால் ஐ-5இல் போகிறவர்களை நிறுத்தி, "ஆசைப்பட்டா ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டால் ஆமாம் என்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வேறு வழி இல்லாமல் செய்வதை ஆசை என்று கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது.

அப்பா மதுரையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தபோது, தெற்கே இருக்கும் சித்தப்பா மகள் வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஏம்ப்பா, லாஸ் ஏஞ்சலஸுக்கு ராத்திரி ரயில் கிடையாதா? பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரி ஒண்ணு?" என்றார். சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சாப்பிட்டு ஏறி, படுத்து, விடிந்ததும் இறங்கிப் பழகியவர் அவர். உலகத்தின் பணக்கார மாநிலங்களில் ஒன்றில், அதன் இரண்டு பெரிய நகரப் பகுதிகளுக்கு நடுவே அப்படி ஒன்று இல்லை என்று நான் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. "ராத்திரி வேணாம், பகல்ல?" என்றார்.

பகலில் இருக்கிறது, ஆனால் எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம். கடற்கரைப் பக்கமாக, நாடு முழுக்கப் பயணிகள் ரயில் விடும் ஆம்ட்ராக் நிறுவனத்தின் கோஸ்ட் ஸ்டார்லைட் நாளுக்கு ஒரு முறை போகும். ஓக்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். இன்னொரு வழி மத்தியப் பள்ளத்தாக்கு வழியாக, ஃப்ரெஸ்னோவைத் தாண்டி பேக்கர்ஸ்ஃபீல்டு வரை. நல்ல ரயில்தான். ஆனால் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அப்பால் தண்டவாளம் இருந்தும், ரயில் அங்கேயே நின்றுவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பஸ்ஸில் ஏற வேண்டும். பஸ் அதே கிரேப்வைன் ஏறி லாஸ் ஏஞ்சலஸ் போகும்.

ஏன்? பேக்கர்ஸ்ஃபீல்டுக்குத் தெற்கே டெஹாச்சப்பி மலை. அதன்மேல் ஒரு பாதை இருக்கிறது. 1876-இல் சதர்ன் பசிஃபிக் கம்பெனிக்காகப் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள் கையால் வெட்டிய பாதை. ஏற்றத்தைச் சமாளிக்க ஓரிடத்தில் தண்டவாளம் வட்டமடித்துத் தன்மேலேயே ஏறிப்போகும்; நீளமான சரக்கு ரயில் ஒன்று தன் வாலுக்கு மேலேயே தலையைக் கொண்டுபோவதைப் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. அந்தப் பாதையில் நாள் முழுக்கச் சரக்கு ரயில்கள் ஊர்கின்றன. 1971-இல் ஆம்ட்ராக் தொடங்கியதிலிருந்து வழக்கமான பயணிகள் ரயில் அதில் கிடையாது. நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த மலைக்கு இரண்டாவது பாதை போடவில்லை. கலிஃபோர்னியாவில் ரயில் ஏன் எடுபடவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்த மலையைத்தான் காட்டுவேன்.

கடைசியில் அப்பாவை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்த வேண்டியிருந்தது, முழங்கால் மடங்கியே இருந்தால் அவருக்கு வலிக்கும். ரயிலில் நடந்திருப்பார். கார் நாடு என்று சொல்லும்போது கார் ஓட்டுபவர்களை மட்டும் நாடு என்று எண்ணிவிடுகிறோம். பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கண் மங்கியவர்கள், உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்ட எண்பது வயதுக்காரர்கள், மகனோடு ஆறு மாதம் இருக்க வந்துவிட்டு வார நாட்களில் வாசலைத் தாண்ட முடியாமல் இருக்கும் நம் பெற்றோர்கள், இவர்களெல்லாம் இதே நாட்டில்தான் இருக்கிறார்கள். அதோடு, சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 பேர் இந்த நாட்டில் சாகிறார்கள். ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்சென் அறுபது ஆண்டுகளாக ஓடுகிறது. தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட அதில் இறந்ததில்லை.

இந்த நாட்டுக்கு வேக ரயில் புதிதும் அல்ல. 1934 மே 26ஆம் தேதி பர்லிங்டன் கம்பெனியின் செஃபர் என்ற எஃகு ரயில் விடியற்காலை டென்வரில் கிளம்பி, நிற்காமல் ஓடி, அன்று மாலையே சிகாகோ சேர்ந்தது. ஆயிரம் மைலுக்கும் மேலான தூரம், பதின்மூன்று மணி ஐந்து நிமிடம். சாலைக் கடவுகளில் எல்லாம் ஆள் நிறுத்திச் செய்த சிறப்பு ஓட்டம் அது என்பது உண்மைதான். ஆனாலும் அதே பெயரை வைத்துக்கொண்டிருக்கும் இன்றைய ஆம்ட்ராக் ரயிலுக்கு அதே டென்வர்–சிகாகோ பயணத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

நடுவில் என்ன ஆனது என்பதைப் பார்த்தால் வியப்பு குறைந்துவிடும். 1946-இல் இல்லினாய் மாநிலத்து நேப்பர்வில்லில் ஒரு வேக ரயில் நின்றுகொண்டிருந்த ரயிலின் பின்னால் மோதியது. அதற்குப் பிறகு, ஓட்டுநர் அறைக்குள்ளேயே சிக்னல் காட்டும் ஏற்பாடு இல்லாத தடங்களில் மணிக்கு 79 மைலுக்கு மேல் ஓடக் கூடாது என்று விதி வந்தது. நியாயமான விதிதான். ஆனால் அந்த ஏற்பாட்டுக்குச் செலவு செய்வதைவிட வேகத்தைக் குறைத்துக்கொள்வது பெரும்பாலான கம்பெனிகளுக்கு மலிவாகப் பட்டது. 1956-இல் ஐசன்ஹோவர் காலத்தில் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது: 41,000 மைல் ஃப்ரீவே, செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மத்திய அரசுடையது, அதற்கென்று தனி நிதி. 1967-இல் தபால் துறை ரயில் தபால் பெட்டிகளைப் பெருமளவில் விலக்கிக்கொண்டது. பல பயணிகள் ரயில்களைத் தாங்கிப் பிடித்திருந்த வருமானம் அத்தோடு போனது. ஒரு பக்கம் நாற்பது ஆண்டுகளுக்கு நிற்காத பண ஓடை, இன்னொரு பக்கம் வறட்சி. மக்கள் காரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"ரயில் லாபம் தருமா?" என்று கேட்பவர்களிடமும் இதைத்தான் சொல்வேன். ஐ-5 லாபம் தருகிறதா என்று யாரும் கேட்டதில்லை. மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. சாலை நிதியில் துண்டு விழும்போதெல்லாம் 2008 முதல் பொது வரிப் பணத்திலிருந்து எடுத்து நிரப்புகிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, சாலை எல்லோருக்கும் வேண்டும். அதே அளவுகோலை ரயிலுக்கும் வையுங்கள் என்கிறேன்.

இனி கலிஃபோர்னியாவின் கதைக்கு வருகிறேன். எனக்கு வலிக்கிற கதை இது.

2008 நவம்பரில் மாநில மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. அதிவேக ரயிலுக்கு 995 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா? பாதிக்குச் சற்று மேலானவர்கள் ஆம் என்றார்கள். கார் நாட்டு மக்கள் வாக்குச் சாவடியில் ரயில் கேட்டார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம், உச்ச வேகம் மணிக்கு 220 மைல், மொத்தச் செலவு சுமார் 3,300 கோடி டாலர், 2020-இல் ஓடும். இதுதான் அன்றைய கணக்கு.

2020 போய்விட்டது. இன்றைக்கு மத்தியப் பள்ளத்தாக்கில் 119 மைல் நீளத்துக்குக் கட்டுமானம் நடக்கிறது. முதலில் ஓடப்போவதாகச் சொல்வது மெர்செட்டிலிருந்து பேக்கர்ஸ்ஃபீல்டு வரையான 171 மைல் மட்டும். முழுப் பாதைக்கான மதிப்பீடு 2024-இல் 8,900 கோடியிலிருந்து 12,800 கோடி டாலர் வரை போனது. எதிர்ப்பவர்கள் இந்த எண்களை நீட்டும்போது நான் மறுக்க மாட்டேன். மறுக்க ஒன்றும் இல்லை. இது ஏன் இப்படி ஆனது என்பதில்தான் அவர்களோடு வேறுபடுகிறேன்.

2009 பொருளாதார மீட்புச் சட்டத்தில் அதிவேக ரயிலுக்கு 800 கோடி டாலர் ஒதுக்கினார்கள். விஸ்கான்சின், ஒஹையோ, ஃபுளோரிடா ஆளுநர்கள் தங்கள் பங்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியும் கலிஃபோர்னியாவுக்கு வந்து, மத்திய அரசின் பங்கு மொத்தம் சுமார் 350 கோடி ஆனது. ஆனால் அதில் பெரும்பகுதியை 2017 செப்டம்பருக்குள் செலவழித்தாக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அந்தக் கெடுவுக்குப் பயந்து, நிலம் கையில் வருவதற்கு முன்பே 2013-இல் ஒப்பந்தம் போட்டார்கள். ஒப்பந்தக்காரர் இயந்திரங்களோடு வந்து நிற்க, அவர் தோண்ட வேண்டிய இடம் இன்னும் யாருடைய திராட்சைத் தோட்டமாகவோ இருந்தது. காத்திருந்த நாட்களுக்கெல்லாம் இழப்பீடு. வழியில் குறுக்கிட்ட மின்கம்பிகள், எரிவாயுக் குழாய்கள், பாசன வாய்க்கால்கள் எல்லாவற்றையும் நகர்த்துவதற்கான ஒப்புதல்களும் முடிந்திருக்கவில்லை. பக்கத்தில் ஓடும் சரக்கு ரயில் பாதைக்கும் இதற்கும் நடுவே தடுப்புச் சுவர் வேண்டும் என்று பின்னால் சேர்ந்தது. 2018-இல் மாநிலத் தணிக்கையாளரின் அறிக்கை இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறது.

இன்னொன்று, கட்டத் தெரிந்த ஆட்கள். பெரிய வேலையை எடுத்துக்கொண்ட அரசு அமைப்பு ஆரம்பத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களோடு இருந்தது. எல்லாவற்றுக்கும் ஆலோசனை நிறுவனங்கள். ஆலோசகர் கொடுத்த மதிப்பீட்டைச் சரிபார்க்க இன்னொரு ஆலோசகர். ஸ்பெயின் 1992-இல் மாட்ரிட்–செவில் பாதையைத் திறந்தது. அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. ஒரு பாதையை முடித்த பொறியாளர்களும் சுரங்கம் தோண்டிய குழுக்களும் அடுத்ததற்கு நகர்ந்தார்கள். இன்று ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் வைத்திருக்கிறார்கள், ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு இங்கே ஆவதில் ஒரு சிறு பங்குதான். சீனாவைக் காட்டினால், "அங்கே நிலத்தை எடுத்துக்கொள்வார்கள், இங்கே முடியுமா?" என்பார்கள், அது நியாயமான கேள்வி. ஸ்பெயினில் தேர்தல் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, நிலச் சொந்தக்காரர் இருக்கிறார், மலையும் இருக்கிறது. மொராக்கோவும் இருக்கிறது: 2011-இல் தொடங்கி 2018-இல் மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் ரயிலை ஓடவிட்டுவிட்டார்கள்.

பாதை ஐ-5 ஓரமாகப் போயிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும் என்று பலர் சொல்கிறார்கள். அரசின் நிலம், நேர்கோடு, குறுக்கே ஊர்கள் இல்லை. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊர்கள் இல்லை என்பதுதான் அதன் குறை. ஃப்ரெஸ்னோவில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், பேக்கர்ஸ்ஃபீல்டில் நான்கு லட்சம். ஃப்ரெஸ்னோவில் ஒரு நண்பர் இருக்கிறார். அவர் மகள் சான் ஹோசேயில் வேலை பார்க்கிறாள். மூன்று மணி நேர ஓட்டம் என்பதால் மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறாள். "உங்களுக்கு லாஸ் ஏஞ்சலஸ் போக ஒரு வழி வேணும். எங்களுக்கு வேலை இருக்கிற இடத்துக்குப் போக வழியே இது ஒண்ணுதான்" என்றார். விமானக் கம்பெனிகள் பெரிதாகக் கவனிக்காத, காற்று மாசில் நாட்டின் மோசமான இடங்களில் ஒன்றான அந்தப் பள்ளத்தாக்கை ஓரங்கட்டிவிட்டு இரண்டு பணக்காரக் கடற்கரைகளை மட்டும் இணைத்திருந்தால் அது மாநிலத்தின் ரயிலாக இருந்திருக்காது.

ஆனால் அந்தத் தேர்வுக்கு விலை உண்டு, அதைக் கொடுத்தவர்கள் விவசாயிகள். 119 மைலுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலத் துண்டுகளை வாங்க வேண்டியிருந்தது. ஹான்ஃபோர்டு பக்கத்தில் பாதை தோட்டங்களைக் கோணலாக வெட்டிக்கொண்டு போகிறது. சதுரமான தோட்டத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்தால் போவது அந்தக் கோட்டின் அகலம் மட்டும் அல்ல. இரண்டு முக்கோணங்கள் மிஞ்சும், ஒரு முக்கோணத்துக்குத் தண்ணீர் போகாது, இன்னொன்றில் டிராக்டர் திரும்ப முடியாது. அவர்கள் வழக்குப் போட்டதை நான் தவறு சொல்ல மாட்டேன். கையில் நிலையான பணம் இருந்திருந்தால் முதல் நாளே நல்ல விலை கொடுத்து, மிஞ்சிய முக்கோணங்களையும் சேர்த்து வாங்கி, வேலையைத் தொடங்கியிருக்கலாம். காலம் கடந்து, கோபம் ஏறி, அதற்கப்புறம் வாங்கினார்கள்.

அந்த நண்பரோடு போய்க் கட்டுமானங்களைப் பார்த்தேன். ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே 99ஆம் எண் சாலைக்கு மேலே வளைவுகளோடு நிற்கும் சீடர் மேம்பாலம் 3,700 அடி நீளம். வடக்கே சான் வாக்கின் ஆற்றின்மேல் இன்னொன்று. ஹான்ஃபோர்டில் தரையிலிருந்து எழும்பிப் போகும் பாலம் ஒரு மைலுக்கும் அதிகம். பத்திரிகைகளில் இதையெல்லாம் "எங்கும் போகாத பாலங்கள்" என்று எழுதுகிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. சாலையும் ரயிலும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் இடம் ஒன்றுகூட அந்தப் பாதையில் இருக்காது. ஃபுளோரிடாவில் பிரைட்லைன் என்ற தனியார் ரயில் 2023 முதல் மயாமியையும் ஆர்லாண்டோவையும் இணைக்கிறது, மக்கள் விரும்பி ஏறுகிறார்கள். ஆனால் அதன் பழைய கடற்கரைப் பகுதியில் நூற்றுக்கணக்கான ரயில்வே கேட்டுகள், அங்கே ஆண்டுதோறும் ஆட்கள் அடிபட்டுச் சாகிறார்கள். மலிவாகக் கட்டினால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு அது கண்ணெதிரே இருக்கும் சான்று.

டெக்சாஸில் டாலஸ்–ஹூஸ்டன் 240 மைல், சமதரை, ஷின்கான்சென் தொழில்நுட்பம், தொண்ணூறு நிமிடப் பயணம். காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான தடம் அமெரிக்காவில் கிடையாது. நிலத்தை எடுக்கும் உரிமை அதைக் கட்ட வந்த தனியார் கம்பெனிக்கு உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியும் ஒரு மைல் தண்டவாளம் விழவில்லை; பணம் இல்லை. லாஸ் வேகஸிலிருந்து தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு ஐ-15 ஃப்ரீவே நடுவே வரும் பிரைட்லைன் வெஸ்ட்டுக்கு 2024 ஏப்ரலில் பூமி பூஜை போட்டார்கள். நிலப் பிரச்சினை இல்லாத திட்டம் அது. அதன் மதிப்பீடும் 1,200 கோடியிலிருந்து 2,100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

கிழக்குக் கரையில் பாஸ்டன்–நியூயார்க்–வாஷிங்டன் தடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அங்கே 1873-இல் தோண்டிய பால்ட்டிமோர் சுரங்கம், 1910-இல் திறந்த ஹட்சன் ஆற்றுச் சுரங்கம் வழியாக ஊர்ந்தும் ரயில்கள் நிறைந்து வழிகின்றன. மக்கள் ஏறுவார்களா என்ற கேள்விக்கு அந்தப் பக்கம் எப்போதோ பதில் கிடைத்துவிட்டது.

விருந்துகளில் அடுத்து வரும் கேள்வி எனக்குத் தெரியும். "சரி, லாஸ் ஏஞ்சலஸில் இறங்கின பிறகு கார் இல்லாமல் என்ன பண்ணுவீங்க?" விமானத்தில் போகிறவர்கள் என்ன செய்கிறார்களோ அதைத்தான். பே ஏரியாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு நாள்தோறும் பறக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் காரைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டா போகிறார்கள்? வாடகைக் கார் எடுக்கிறார்கள், ஊபர் கூப்பிடுகிறார்கள், உறவினர் வந்து அழைத்துப்போகிறார். ரயில் இறக்கிவிடும் யூனியன் ஸ்டேஷன் நகரின் நடுவில் இருக்கிறது, மெட்ரோ தடங்கள் அங்கிருந்து கிளம்புகின்றன; விமான நிலையமோ கடற்கரை ஓரத்தில் இருக்கிறது. கார் நாட்டில் ரயில் நிலையம் கட்டும்போது பெரிய பார்க்கிங்கும் வாடகைக் கார் கவுண்ட்டரும் வைத்துக் கட்டட்டும். அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. காரை ரயிலுக்கு எதிரியாக்காமல், வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையே ஓடவிடலாம்.

கார் நாட்டு மக்கள் மாறுவார்களா என்ற சந்தேகத்துக்கு இன்னொரு பதில் என் வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் ஓடுகிறது. சான் பிரான்சிஸ்கோ–சான் ஹோசே கால்ட்ரெயின் பல பத்தாண்டுகளாக டீசல் என்ஜினில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 செப்டம்பரில் முழுக்க மின்சார ரயில்கள் வந்தன. அதிவேக ரயில் திட்டத்தின் பணமும் அதில் சேர்ந்திருக்கிறது. வேகம் கொஞ்சம் கூடியது, வார இறுதியில் அரை மணிக்கு ஒரு ரயில் என்று ஆனது, சத்தமும் புகையும் போயின. அவ்வளவுதான் மாற்றம். பயணிகள் எண்ணிக்கை ஓராண்டில் மளமளவென்று ஏறிவிட்டது. வாசலில் டெஸ்லா நிற்கும் வீடுகளிலிருந்துதான் பலர் வந்து ஏறுகிறார்கள். சனிக்கிழமை பிள்ளைகளோடு ஏறிப் பாருங்கள், உட்கார இடம் தேட வேண்டியிருக்கும்.

2025 ஜூலையில் மத்திய அரசு கலிஃபோர்னியாவுக்கு ஒதுக்கியிருந்த சுமார் 400 கோடி டாலரை ரத்து செய்தது. எனக்குக் கோபம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மாநிலச் சட்டமன்றம், கரிம உமிழ்வு அனுமதிகளை ஏலம் விடுவதில் வரும் பணத்திலிருந்து 2045 வரை ஆண்டுதோறும் 100 கோடி டாலர் இந்தத் திட்டத்துக்கு என்று சட்டம் போட்டது. முதல் செய்திக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் இந்தத் திட்டத்துக்கு இல்லாமல் போனது இதுதான்: அடுத்த தேர்தலில் மறைந்துவிடாத பணம். இருபது ஆண்டு வருமானம் உறுதி என்றால் அதைக் காட்டிக் கடன் வாங்கலாம், தனியார் முதலீட்டாளரைக் கூப்பிடலாம், பொறியாளர்களை நிரந்தரமாக வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். தொகை போதாது. ஆனால் ஃப்ரீவேக்களுக்கு 1956-இல் கிடைத்ததன் சாயல் அதில் இருக்கிறது.

அந்தப் பணத்தை எங்கே போட வேண்டும் என்பதிலும் எனக்குத் தெளிவான எண்ணம் உண்டு. மெர்செட்–பேக்கர்ஸ்ஃபீல்டை மட்டும் ஓடவிட்டு நிறுத்தினால், பேக்கர்ஸ்ஃபீல்டில் இறங்கிப் பஸ் ஏறுகிற கதை மணிக்கு 220 மைல் வேகத்தில் தொடரும், அவ்வளவுதான். வடக்கே கில்ராய், தெற்கே பாம்டேல், இந்த இரண்டு ஊர்களையும் தொட வேண்டும். பாம்டேலிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் யூனியன் ஸ்டேஷனுக்கு இப்போதே மெட்ரோலிங்க் ரயில் போகிறது. கில்ராயில் கால்ட்ரெயின் இருக்கிறது. நடுவில் பச்சேக்கோ கணவாய்க்குக் கீழே 13 மைலுக்கும் மேல் நீளமான சுரங்கம் ஒன்று, டெஹாச்சப்பியில் வரிசையாகச் சில சுரங்கங்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை சுற்றுச்சூழல் அனுமதி 2024-இலேயே முழுதாகக் கிடைத்துவிட்டது. இனி அந்த இரண்டு மலைகளிலும் நிலத்தை முதலில் வாங்க வேண்டும், குழாயையும் கம்பியையும் முதலில் நகர்த்த வேண்டும், ஒப்பந்தத்தை அதற்கப்புறம் போட வேண்டும்.